தீபாவளி எண்ணெயும் டிசம்பர் மழையும்: வீட்டுக் கால்வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்ள

முறுக்குச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி மூன்று, நான்கு வாரம் ஆகியிருக்கும். வெளியே இரண்டு நாளாக விடாத மழை. பாத்திரம் கழுவும்போது சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்துக் குளுக் குளுக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு மெல்ல வடிகிறது. இரண்டொரு நாளில் குளியலறைத் தரைத் துளை வழியாகச் சாம்பல் நிறத் தண்ணீர் மேலே வரத் தொடங்குகிறது. அன்று பார்த்து ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். பைப் வேலை செய்பவர் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் வேறு வீட்டில் இதே வேலையில் இருப்பார்.

ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. நம் வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அதிகம் காயும் காலமும் ஏறக்குறைய அதேதான். தீபாவளிப் பலகாரம், ஆட்டுக்கறி, பள்ளி விடுமுறையில் வரும் கல்யாணம், காதுகுத்து, புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக வருகின்றன. அடைப்பு மழையோடு வந்ததாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தீபாவளி வாரத்திலேயே குழாய்க்குள் உட்கார்ந்துவிட்டது. மழையும் குளிரும் அதை வெளியே காட்டிக்கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

நமக்கு ஏது குளிர்காலம் என்று கேட்கலாம். பனி இல்லைதான். ஆனால் டிசம்பர், ஜனவரியில் அடைமழை பிடித்தால் குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங் பக்கமெல்லாம் இரவில் வெப்பநிலை 22, 23 பாகைக்கு இறங்குவது சாதாரணம். இந்த எண்ணின் அர்த்தம் புரிய வேண்டுமென்றால் குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள். மற்ற மாதங்களில் தண்ணீராக ஊற்றும் எண்ணெய், மழைக்காலக் காலையில் வெள்ளையாக உறைந்து நிற்கும். பாட்டி அதை வெயிலில் வைப்பார். வெயில் இல்லாவிட்டால் அடுப்போரம் வைப்பார். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே இறங்கினால் கட்டியாகிவிடும். புட்டியில் நடப்பதுதான் சிங்க்குக்குக் கீழே இருக்கும் குழாயிலும், சுவருக்கு வெளியே மழையில் நனையும் பைப்பிலும், பின்வாசல் கால்வாயிலும் நடக்கிறது. அங்கே அடுப்போரம் எடுத்துவைக்க ஆளில்லை.

எல்லா எண்ணெயும் ஒரே மாதிரி இல்லை. நல்லெண்ணெய் நம் ஊர்க் குளிருக்கு உறையவே உறையாது. கடையில் விற்கும் செம்பனைச் சமையல் எண்ணெய் பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். குளிரில் சில நேரம் பாக்கெட்டின் அடியில் வெள்ளையாகக் கலங்கி நிற்கும். தேங்காய்ப்பாலில் இருப்பது தேங்காய்க் கொழுப்பு. அதனால் குருமா, ரெண்டாங், நாசி லெமாக் சமைத்த பாத்திரம் மழைக்காலத்தில் கூடுதல் தொல்லை. நெய் உருகுவதற்கே 30 பாகைக்கு மேல் வேண்டும். இவற்றில் மிக மோசமானது ஆட்டுக் கொழுப்பு. 40 பாகைக்கு மேல் சூடு இருந்தால்தான் அது இளகும். ஆட்டுக்கறிச் சட்டி ஆறியதும் மேலே மெழுகு போல் படிவது இதனால்தான். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் சிங்க்குக்குச் சுடுதண்ணீர்க் குழாய் கிடையாது. கறிச்சட்டியைப் பச்சைத் தண்ணீரில் கழுவும்போது கொழுப்பு சிங்க்கைத் தாண்டுவதற்கு முன்பே இறுகத் தொடங்குகிறது.

சவர்க்காரம் போட்டுத்தானே கழுவுகிறோம் என்று சிலர் கேட்பார்கள். சவர்க்காரம் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு அனுப்பிவைக்கும். ஆனால் கொஞ்ச தூரம் போனபிறகு தண்ணீர் கூடி, சவர்க்காரத்தின் வலு குறைந்துவிடும். துளிகள் மறுபடியும் ஒன்றுசேர்ந்து குழாய்ச் சுவரில் ஒட்டும். நாளடைவில் சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்புச் சத்தோடு வினைபுரிந்து கல் போன்ற ஒரு பொருளாக மாறும். லண்டன் மாநகரின் வைட்சேப்பல் பகுதியில் 2017ஆம் ஆண்டு இப்படி உருவான ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். 250 மீட்டர் நீளம், சுமார் 130 டன் எடை. அதன் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில்கூட வைத்தார்கள். நம் வீட்டு ஒன்றரை அங்குலக் குழாயை அடைக்க ஒரு கைப்பிடி போதும்.

உங்கள் சிங்க் தண்ணீர் எங்கே போகிறது?

அடைப்பு வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பலருக்குத் தெரிவதில்லை. ஒரு வீட்டிலிருந்து இரண்டு விதமான தண்ணீர் வெளியேறுகிறது. கழிவறைத் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்கோ மலத்தொட்டிக்கோ போகும். கூரையிலும் வாசலிலும் விழும் மழைநீர் திறந்த கால்வாய்க்கு, நாம் லோங்காங் என்று சொல்லும் அதற்குப் போகும். குழப்பம் சமையலறைத் தண்ணீரில்தான். புதிய தாமான்களில் அது கழிவுநீர்க் குழாயோடு சேர்கிறது. பழைய வரிசை வீடுகளிலும் தோட்டத்து லயன் வீடுகளிலும் நேராகப் பின்பக்கக் கால்வாயில் விழுகிறது. சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டிய வீடுகளில் குத்தகைக்காரர் எந்தக் குழாய் கிட்டே இருந்ததோ அதில் இணைத்திருப்பார்.

கண்டுபிடிப்பது சுலபம். மழையில்லாத நாளில் வீட்டில் ஒருவரைச் சிங்க்கில் நிறைய நுரையோடு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்பக்கக் கால்வாயைப் பாருங்கள். நுரை அங்கே வந்தால் உங்கள் சமையலறை மழைநீர்க் கால்வாயோடு இணைந்திருக்கிறது. அடைமழையில் அந்தக் கால்வாய் நிரம்பும்போது உங்கள் சிங்க்கும் தண்ணீர் போக வழியின்றி நிற்கும். நுரை வராவிட்டால், வீட்டு வளாகத்தில் சதுரமாகவோ வட்டமாகவோ மூடி போட்ட ஒரு குழி எங்காவது இருக்கும். அதைத் தேடி வையுங்கள். பலர் அதன்மேல் டைல் ஒட்டிவிடுகிறார்கள், அல்லது பூச்சட்டியை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். அடைப்பு வந்தால் முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான். டைலை உடைக்கும் செலவு அடைப்பு எடுக்கும் கூலியைவிட அதிகமாகிவிடும்.

குழாய்க்குள் போகக்கூடாதவை

மருந்து, கருவி எல்லாவற்றையும்விட உதவும் பழக்கம் ஒன்றுதான்: கழுவுவதற்கு முன் துடைப்பது. கறிச்சட்டி, வாணலி, நெய் ஊற்றிய தட்டு எதுவானாலும் ஆறியதும் நேற்றைய நாளிதழில் ஒரு துண்டைக் கிழித்து வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு சிங்க்குக்குக் கொண்டுபோங்கள். அரை நிமிட வேலை. தட்டில் மிஞ்சும் குழம்பும் சாம்பாரும் அப்படியே.

பலகாரம் சுட்ட எண்ணெயைச் சிங்க்கிலும் ஊற்றக்கூடாது, லோங்காங்கிலும் ஊற்றக்கூடாது. ஆறவைத்து, வடிகட்டி, காலிப் புட்டியில் ஊற்றி மூடி வையுங்கள். அது விலைபோகும் பொருள். பயன்படுத்திய சமையல் எண்ணெயைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளும் மறுசுழற்சிக்காரர்கள் ஜொகூர் நகரங்களில் இருக்கிறார்கள். சில தாமான்களில் குடியிருப்பாளர் சங்கமே சேர்த்துக் கொடுக்கிறது. இந்த எண்ணெய் உயிரி டீசலாகவும் விமான எரிபொருளாகவும் மாறுகிறது. நம் மாநிலத்துப் பெங்கெராங்கிலேயே பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்லினா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 6 லட்சத்து 50 ஆயிரம் டன் மூலப்பொருளைக் கையாளும் உயிரி எரிபொருள் ஆலை அமைக்க 2024 ஜூலையில் முடிவெடுத்தன. அதற்கான மூலப்பொருள்களில் பயன்படுத்திய சமையல் எண்ணெயும் உண்டு. நாம் கால்வாயில் கொட்டுவதை அங்கே காசு கொடுத்து வாங்கப் போகிறார்கள்.

எண்ணெய் பசை என்றால், அதில் ஒட்டும் மணல் சோறும் சக்கையும். வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு, தேங்காய்த் துருவல், புளிச்சக்கை, தேயிலைத் தூள், கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் நம் சமையலறைக்கே உரியவை. சோற்றுப் பருக்கை குழாயின் வளைவில் ஊறி இரண்டு மடங்காகிவிடும். தேங்காய் நார் சல்லடை போல் நின்று மற்றதையெல்லாம் பிடித்துவைக்கும். சிங்க் துளையில் போடும் கம்பி வலை சில ரிங்கிட்தான். தீபாவளிக்கு முன் வீட்டுக்கு ஒன்று புதிதாக வாங்குங்கள். அதைக் குப்பையில் தட்டுங்கள்; எடுத்து லோங்காங்கில் தட்டினால் வாங்கியதற்கு அர்த்தமில்லை. குத்துவிளக்கு தேய்த்த புளியும் சாம்பலும், விளக்கின் அடியில் தங்கிய எண்ணெயும் திரியும்கூட இந்தக் கணக்கில் சேரும்.

குளியலறையை மறந்துவிடுகிறோம். தீபாவளி விடியலில் வீட்டில் ஆறு பேர் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளித்தால் அன்று ஒரே காலையில் தரைத் துளைக்குள் போகும் எண்ணெய், தூள், முடி மூன்றும் சாதாரணமாக ஒரு மாதத்துக்குப் போவதைவிட அதிகம். நல்லெண்ணெய் உறையாதுதான். ஆனால் சீயக்காய்த் தூளும் முடியும் அதில் குழைந்து களிமண் போலாகும். எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று யார் சொல்வது? துளைமூடியின்மேல் ஒரு பழைய காலுறையோ மெல்லிய வலையோ விரித்துவிட்டுக் குளியுங்கள். முடிந்ததும் முடியை அள்ளிப் போட்டுவிட்டு, மூடியைத் தூக்கி உள்ளே இருக்கும் கிண்ணத்தை அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கிவிட்டால்

முழுதாக அடைபடும்வரை காத்திருப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. மெதுவாக வடிகிறது என்றால் பாதி அடைந்துவிட்டது என்று பொருள். சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் பகுதியைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பத்தில் ஏழெட்டு அடைப்பு அங்கேயே இருக்கும் என்று பைப் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். கழுவி மாட்டும்போது ரப்பர் வளையத்தைச் சரியாகப் பொருத்துங்கள். அடைப்பு அதற்கும் அப்பால் என்றால் ரப்பர் கிண்ணம் வைத்து அமுக்கி இழுக்கும் பழைய முறைதான் நல்லது. இரட்டைச் சிங்க்காக இருந்தால் மற்றத் துளையை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காற்று அதன் வழியே போய்விடும், ஒரு பயனும் இருக்காது.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றலாமா? எல்லோரும் கேட்பது இது. வேண்டாம். நம் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் பி.வி.சி. கொதிநீரின் சூட்டில் அது இளகி இணைப்புகள் நெகிழும். உருகிய கொழுப்பும் ஒழிந்துபோவதில்லை. கை எட்டும் இடத்திலிருந்து எட்டாத இடத்துக்குப் போய் மறுபடியும் இறுகும். கை பொறுக்கும் சூட்டில் வாரம் ஒருமுறை ஊற்றினால் தவறில்லை. வாட்ஸ்அப்பில் வரும் சோடா மாவும் வினிகரும் பார்க்க அழகாக நுரைக்கும். ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் கொழுப்பை அவை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தீங்கும் இல்லை.

கடையில் கிடைக்கும் காஸ்டிக் சோடா அப்படிப்பட்டதல்ல. அது தண்ணீர் பட்டதும் கொதித்துச் சூடாகும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பயன்படுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் கையுறையும் கண்ணாடியும் வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று அதன்மேல் இன்னொன்றை ஊற்றவே ஊற்றாதீர்கள். வெளுப்பானும் டைல் கழுவும் அமிலமும் குழாய்க்குள் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளை மயக்கிவிடும். பைப் வேலைக்காரரைக் கூப்பிட்டால், என்ன ஊற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கையை உள்ளே விடப்போவது அவர்.

பின்வாசல் கால்வாய்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட், பத்து பஹாட் மூழ்கியது, 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பஹாட் பக்கம் வாரக்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றது ஆகியவற்றை நாம் மறக்கவில்லை. அவை ஆறு கரைபுரண்ட வெள்ளங்கள். ஒரு வீட்டு லோங்காங்கைச் சுத்தம் செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். ஆனால் ஆறு பெருகாத ஒரு சாதாரண மாலை மழைக்கே சில வரிசைகளில் மட்டும் சமையலறைக்குள் தண்ணீர் வருகிறதே, அது வேறு. அங்கே போய்ப் பார்த்தால் கால்வாய்க்குள் நெகிழிப் பை, தென்னை மட்டை, கட்டடக் கழிவு, அதன்மேல் எண்ணெய்ப் படலம் எல்லாம் இருக்கும். பின்சந்துக் கால்வாயின்மேல் சிமெண்ட் பூசி மூடி, துணி துவைக்கும் இடமாக்கிய வீடும் இருக்கும். பின்பக்கம் நீட்டிக் கட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்று 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விட்டாலும், ஒரு வீட்டார் மூடினால் மேலே உள்ள பத்து வீட்டுத் தண்ணீரும் நிற்கும். அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வராமல் பேசுவது கடினம்தான். தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசை முழுக்கச் சேர்ந்து கால்வாய் கழுவினால் அந்தப் பேச்சு தானாக வந்துவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. லயத்துக் கால்வாயில் ஆள் வைத்துத் தினமும் கூட்டிவிடுவார்கள், கொசுவுக்கு எண்ணெய் அடிப்பார்கள். மலேரியாவுக்குப் பயந்து வந்த ஏற்பாடு அது. இன்று பல தோட்டங்களில் ஆட்கள் குறைந்து லயத்து வடிகால்கள் புல் மண்டிக் கிடக்கின்றன. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு குறைந்தபட்சத் தரச் சட்டப்படி, தொழிலாளருக்குக் கொடுத்த வீட்டையும் சுற்றுப்புறத்தையும் நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. வாய்வார்த்தையாகச் சொல்லாமல் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தாமான்களில் பொதுக் கால்வாய் நகராண்மைக் கழகத்தின் அல்லது மாநகர் மன்றத்தின் பொறுப்பு. வீட்டு எல்லைக்குள் இருப்பது நம் பொறுப்பு. புகார் கொடுக்கும்போது படம், சாலைப் பெயர், வீட்டு எண் மூன்றும் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கால்வாயில் இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக உள்ளே போனால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வரும். சிலருக்குச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் போனதும் முதலில் சொல்ல வேண்டியது 'கால்வாய் கழுவினேன்' என்பதைத்தான். சொல்லாவிட்டால் டிங்கி என்றே அவர் நினைக்கக்கூடும். டிங்கி என்றதும் கூரையோர மழைநீர்க் குழாயையும் பார்த்துவிடுங்கள். இலை அடைத்து அங்கே தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தமானது.

மலத்தொட்டி உள்ள வீடுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். அதை அக்டோபருக்குள் முடித்துவிடுவது நல்லது. தரை முழுக்க ஊறிய பிறகு தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேற இடமிருக்காது. லாரியும் உடனே கிடைக்காது. பெருமழை கொட்டும் நேரத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். அது ஒரே மூச்சில் தள்ளும் தண்ணீர், ஏற்கனவே நிரம்பிய குழாயில் இடமில்லாமல் வீட்டிலேயே தாழ்வான துளை வழியாகத் திரும்பி வரும். மழை விட்டு, பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியதைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.